சத்தியம் செய்யாதவர்களின் வரிசை

மே 5, ஞாயிறு

ஆட்டக்குழுக் கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது. கத்தியவர்களில் நானும் ஒருத்தி. ஒருத்தி என்ன, முதல் ஆளே நான்தான்.

எல்லாம் அந்தக் கரோலாவால் வந்தது. கீழே லா பாஸில், பணக்காரத் தெற்குப் பகுதியில் துணிக்கடை வைத்திருப்பவள். போன வருடம் கார்மேல் மாதா திருவிழாவுக்கு முன்னால், உங்களோடு ஆட ஆசையாக இருக்கிறது என்று தேன் ஒழுகப் பேசிக்கொண்டு மேட்டிலிருக்கும் எங்கள் எல் ஆல்டோவுக்கு ஏறி வந்தாள். நாங்களும் மயங்கி மொரெனாதா ஆட்டத்தில் எங்கள் பாவாடை அணியில் சேர்த்துக்கொண்டோம். சால்வையை எப்படி மடித்து ஊசி குத்துவது என்று நானே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். திருவிழா முடிந்த சூட்டோடு அவள் கடை மாடியில் ஒரு புது வியாபாரம் தொடங்கியது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு எங்கள் பொல்யேரா பாவாடையைக் கட்டிவிட்டு, ஒட்டுச் சடை தொங்கவிட்டு, வட்டத் தொப்பியைத் தலையில் வைத்துப் படம் எடுத்துக் கொடுக்கிறாள். ‘ஒரு நாள் பாவாடைக்காரி’ என்று அதற்குப் பெயர். கட்டணம் உண்டு.

‘ஏய் பாவாடை’ என்று பூர்வகுடிப் பெண்களான எங்களை இளக்காரமாகக் கூப்பிட்ட ஊர் அது. இப்போது அதே ஊரில் பாவாடைக்குக் கட்டணம் வாங்குகிறார்கள். வயிறு எரியாதா?

தோன்யா லியோகாதியா எழுந்தாள். எங்கள் அணித்தலைவி, துணி வியாபாரி, எழுபதை நெருங்குகிறவள், தோன்யா என்பது அவள் வயதுக்கான மரியாதை. அவள் எழுந்தாலே கூடத்தில் சத்தம் அடங்கிவிடும். "இந்த வருஷம் தினமும் பாவாடை கட்டுறவ மட்டும்தான் அணியில. ஆட்டத்துக்குக் கட்டிக்கிட்டு மறுநாள் பேண்ட்டுக்கு மாறுற டிரான்ஸ்ஃபார்மர் எவளும் நமக்கு வேண்டாம்" என்றாள். காலையில் ஒரு உருவம், மாலையில் ஒரு உருவம் என்று மாறுகிற பொம்மை இருக்கிறதே, அந்தப் பெயரைத்தான் இங்கே வேஷக்காரிகளுக்கு வைத்திருக்கிறார்கள்.

முதலில் கை தூக்கியது நான்தான். இரண்டு கையையும் தூக்கியிருப்பேன், ஒன்றில் தேநீர்க் கோப்பை இருந்தது.

மே 6, திங்கள்

தொண்டை இன்னும் சரியாகவில்லை. கத்தியதற்கு வருத்தமும் இல்லை.

மே 9, வியாழன்

வீட்டில் சண்டை.

இந்த வருடம் என் மகள் யோசெலின் முதல் தடவையாக என் பக்கத்தில் ஆடுவதாக இருந்தது. அணி முழுக்க ஒரே துணி, மாதுளை நிறம். அவளுக்கும் சேர்த்து வாங்கித் தைக்கக் கொடுத்தாயிற்று. ஆனால் அவள் பல்கலைக்கழகத்துக்குப் போவது ஜீன்ஸில். புது விதிப்படி அவளுக்கு அணியில் இடமில்லை. சத்தியமாக, கை தூக்கும்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

"நீ யாருக்கு எதிரா கை தூக்கினன்னு தெரியுமாம்மா?" என்றாள்.

கரோலாவுக்கு என்றேன்.

"எனக்கு. பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு சின்ன வயசுலேருந்து பேண்ட்ட மாட்டிவிட்டது யாரு? நீதானே? இப்ப பேண்ட்டு போட்டவளுக்கு இடமில்லன்னு நீயே கை தூக்குற."

சும்மா இருக்கிற ஜாதியா நான்? அப்படியானால் இன்றிலிருந்து தினமும் கட்டு, யார் வேண்டாமென்றது என்றேன். தோன்றும்போது கட்டுவாளாம், உத்தரவுக்குக் கட்டமாட்டாளாம். சோற்றுத்தட்டைப் பார்த்துக்கொண்டே என் புருஷன் ஃபௌஸ்தோ சிரித்தான். இந்தப் பிடிவாதம் எந்தப் பக்கத்து ரத்தம் என்று யோசிக்கிறானாம். ஊருக்கெல்லாம் மினிபஸ் ஓட்டுகிறவனுக்கு வீட்டில் மட்டும் எப்போதும் ஓரத்து இருக்கைதான் பிடிக்கும்.

கலாச்சார அபகரிப்பு என்று அவள் வகுப்பில் இரண்டு வாரமாகப் பேசினார்களாம். எனக்குத் தெரிந்து அதன் பெயர் திருட்டு. "திருடினா பொருள் உன்கிட்ட இருக்காதேம்மா. பாவாடை உன்கிட்டதானே இருக்கு" என்கிறாள். படித்த வாய். ஆத்திரத்தில் பாத்திரத்தைப் போட்டு உருட்டினேன்.

மே 15, புதன்

யோசெலின் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும்தான்.

மே 27, திங்கள். அன்னையர் தினம்

ஃபௌஸ்தோ கேக் வாங்கி வந்தான். அதோடு விடாமல், ஃபேஸ்புக்கில் என் படத்தையும் போட்டுவிட்டான். கட்டிட வேலையில் எடுத்தது. நாலாவது மாடிச் சாரத்தில் நிற்கிறேன். நீல வேலை உடுப்பு, தலையில் மஞ்சள் கவசம், கையில் பூச்சுக் கரணை. பின்னால் இயிமானி மலை முழுசாகத் தெரிகிறது. ‘என் வீட்டு ராணி, சாரத்திலும் ராணி’ என்று எழுதியிருக்கிறான்.

சும்மா சொல்லக்கூடாது, படத்தில் நன்றாகத்தான் இருக்கிறேன். டைல்ஸ் ஒட்டுகிற வேலையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. நான் ஒட்டின குளியலறையில் தண்ணீர் தேங்கியது என்று எவனும் சொன்னதில்லை.

காலையில் பாவாடையில்தான் வேலைக்குப் போகிறேன். தகரக் கொட்டகையில் கழற்றி மடித்து வைத்துவிட்டு நீல உடுப்பை மாட்டுகிறேன். சாயங்காலம் மறுபடியும் பாவாடை. என்னோடு வேலை செய்கிற பெத்ரோனாவின் பாவாடை ஒரு தடவை டைல்ஸ் அறுக்கிற இயந்திரத்தில் சிக்கி, அவளையும் சேர்த்து இழுத்தது. யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினதால் கால் பிழைத்தது. எட்டு மீட்டர் துணியைச் சுற்றிக்கொண்டு சாரத்தில் ஏறுகிறவளுக்குத் தைரியம் இருக்கலாம். ஆயுசு இருக்காது.

மே 28, செவ்வாய்

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. என் ஆண்டி மினிபஸ் ஓட்டுகிறான்.

அந்தப் படத்துக்குக் கீழே ஊர்ப்பட்ட பேச்சு. ‘பகலில் ஆம்பளை, பொழுது சாய்ந்தால் பாவாடை.’ ‘கை தூக்கினவளே டிரான்ஸ்ஃபார்மர்.’ ‘சடையையும் இழுத்துப் பாருங்கள், கையோடு வரும்.’ முகம் தெரியாதவர்கள் எழுதியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். போன வருடம் என் பின்வரிசையில் ஆடினவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஃபௌஸ்தோவுக்கு முகம் செத்துப்போய்விட்டது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். எடுக்காதே என்றேன். எடுத்தால் தப்பு செய்தவள் மாதிரி ஆகிவிடும். நான் என்ன திருடிக்கொண்டா ஏறினேன் சாரத்தில்?

யோசெலின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். குத்திக் காட்டுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. நிஜமாகத்தான் கேட்டாள். வலிக்கிறது என்றேன்.

ஜூன் 2, ஞாயிறு

சந்தையில் தோன்யா லியோகாதியாவின் கடைக்குப் போனேன். நாலு பேர் பேசுவதற்கு முன்னால் நாமே முகத்துக்கு நேராகப் பேசிவிடுவோம் என்றுதான் போனேன். துணிக்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றச் சொன்னாள். சண்டைக்குப் போனவளுக்குச் சூப் ஊற்றினால் எப்படிச் சண்டை போடுவது?

கேட்டுவிட்டேன். வேலைக்காகக் கழற்றுகிறேன், என் பிழைப்பு, இதில் என்ன வேஷம் இருக்கிறது என்று.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வாலிப வயதில் அவளும் தங்கையும் கீழே ஊருக்குள் சினிமா பார்க்கப் போனார்களாம். பாவாடைக்கு அனுமதி இல்லை என்று வாசல்காரன் கையைப் பிடித்துத் தெருவில் தள்ளினான். விழுந்ததில் லியோகாதியாவுக்கு முன்பல் போயிற்று. அவள் வாயில் மின்னுகிற தங்கப்பல் அப்படி வந்தது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். மறுவாரம் தங்கை ஒரு கடை வேலைக்காகப் பாவாடையைக் கழற்றினாள். வேலைக்கு மட்டும்தான் அக்கா என்றாளாம். பிறகு கல்யாணத்துக்கு மட்டும், மாமியார் வீட்டுக்கு மட்டும் என்று போய், சவப்பெட்டியில் அவளைக் கவுன் போட்டுத்தான் படுக்கவைத்தார்கள்.

"இன்னிக்கு மட்டும்னுதான்டி எல்லாரும் கழட்டுறாங்க. நான் சீனாவுக்குத் துணி வாங்கப் போனப்பகூட இதோடதான் போனேன். விமான நிலையத்துல பாவாடைய உதறிக் காட்டச் சொன்னான். உதறினேன். கழட்டல."

நானும் சொன்னேன். பதினைந்து வயதில் தெற்குப் பகுதியில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பாவாடையில் மாட்டு வாடை அடிக்கிறது என்று சொல்லி, முதல் நாளே கழற்ற வைத்தாள் அந்த வீட்டம்மா. அவள் கொடுத்த அங்கியில்தான் அங்கே இருந்த வருடமெல்லாம் கழிந்தது. வெளியே வந்த அன்று என் கைக்காசில் பாவாடை வாங்கி, கடையிலேயே கட்டிக்கொண்டு வந்தேன்.

"கழட்டுன்னு அன்னிக்கு ஒரு அம்மா சொன்னா. கழட்டாதன்னு இன்னிக்கு ஒரு அம்மா சொல்றீங்க. நடுவுல நான்னு ஒருத்தி இருக்கேனே, என்னை யாரும் கேக்க மாட்டீங்களா?"

என் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சூப் ஆறுது. குடி" என்றாள். விதி விதிதான், திருவிழாவுக்குள் வேலையை விடு, இல்லையென்றால் முன்வரிசையை விடு என்றும் சொன்னாள். யோசெலின் நடை பழகின வருடத்திலிருந்து அந்த முன்வரிசை என் இடம். அதை விட்டுக்கொடுத்தால், ஆமாம் நான் வேஷக்காரிதான் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி.

இரண்டையும் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். சூப்பை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

ஜூன் 3, திங்கள்

அந்தத் தங்கப்பல் கண்ணிலேயே நிற்கிறது. இருந்தாலும் நான் சொன்னது சரிதான்.

ஜூன் 9, ஞாயிறு

கூட்டத்தில் என்னை நீக்கவேண்டும் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். யார் என்று எழுதப்போவதில்லை, அவள் பெயருக்கு என் மையை ஏன் செலவழிக்கவேண்டும். நான் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாவாடையைக் கழற்றாதவள் யார்? பார்த்தவள், கேள்விப்பட்டவள் என்று ஒருத்தியை ஒருத்தி இழுத்துவிட ஆரம்பித்து, நாற்காலிகள் உருளத் தொடங்கின.

லியோகாதியா மேசையில் தட்டினாள். படம் பொய் சொல்லும், பக்கத்துவீட்டுக்காரி பொய் சொல்லுவாள், மாதா முன்னால் யார் நாக்கும் பொய் சொல்லாது என்றாள். ஜூலை முதல் ஞாயிறு கோவிலில் சத்தியம். ‘தினமும் கட்டுகிறேன், திருவிழாவிலிருந்து திருவிழாவரை வேறு உடுப்பு என் இடுப்பில் ஏறவில்லை’ என்று மாதா சொரூபத்தின் முன்னால் கை வைத்துச் சொல்கிறவள் அணியில் இருப்பாள். சொல்லாதவள் வெளியே.

கைதட்டல். எங்கள் பெண்கள் வரி அதிகாரியிடம் கூசாமல் பொய் சொல்லுவார்கள், புருஷனிடம் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். கார்மேல் மாதாவிடம் சொல்லமாட்டார்கள். பொய்ச் சத்தியம் செய்தவள் வீட்டுக் கூரை அந்த வருடத்துக்குள் இறங்கும் என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஜூன் 21, வெள்ளி. எங்கள் ஜனங்களின் புத்தாண்டு

விடியுமுன் மேட்டுக்கு ஏறி, முதல் சூரியனுக்குக் கை நீட்டி நின்றோம். விரல் விறைத்தது. எல்லோரும் நல்ல விளைச்சல், நல்ல வியாபாரம் என்று கேட்டார்கள். நான் என் இடத்தைக் கேட்டேன். யோசெலின் என்ன கேட்டாள் என்று சொல்லவில்லை. அவள் பாவாடையில் வந்திருந்தாள். யாரும் சொல்லாமலே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் கெட்டுவிடும்.

ஜூலை 2, செவ்வாய்

சத்தியம் செய்துவிட்டுப் போயேன், மாதா புரிந்துகொள்ளுவாள் என்கிறான் ஃபௌஸ்தோ. மாதா புரிந்துகொள்ளுவாள். நான் புரிந்துகொள்ளமாட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கோவிலில் பாதிரியார் இல்லை, இதற்கெல்லாம் அவர் வரமாட்டார். சாவியை வாங்கித் திறந்து, மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. அணி முழுக்க வந்திருந்தது. முதலில் லியோகாதியா. சொரூபத்தின் காலடியில் கை வைத்து, குரல் நடுங்காமல் சொன்னாள். அவள் சொன்னது சத்தியம். அதில் எனக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

முன்வரிசையில் அடுத்தது நான். யோசெலின் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். மாதாவைப் பார்த்துத்தான் பேசினேன், மனிதர்களைப் பார்க்கவில்லை.

"தாயே, நான் பாவாடைக்காரி. வேலைக்குப் போறப்ப கழட்டுறேன். நாளைக்கும் கழட்டுவேன், திருவிழா முடிஞ்சும் கழட்டுவேன். கழட்டலன்னு உன் முன்னால பொய் சொல்ல மாட்டேன். இதுக்கு மேல இவங்க என்ன பேரு வேணா வச்சுக்கட்டும்."

அணிக்காரி என்பதற்கு அடையாளமான என் ஆட்டக் கிலுகிலுப்பைக்காக லியோகாதியா கை நீட்டினாள். மாதா கேட்டால் தருகிறேன், நீங்கள் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன்.

அடுத்தது பெத்ரோனா. நானும் அவளோடுதான் கழற்றுகிறேன் என்று சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றாள். அது எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்தவள் பசிலியா, மே மாதம் என்னை ‘பகலில் ஆம்பளை’ என்று எழுதினவள். மாதாவை ஏறிட்டுப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும்போது வெள்ளைச் சீருடையும் பேண்ட்டும் போடச் சொல்லுகிறார்களாம். அழுதுகொண்டே வந்து பெத்ரோனாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பிறகு பிரேசிலில் தையல் வேலைக்குப் போய், ஜீன்ஸிலேயே இருந்துவிட்டு, போன நவம்பரில் திரும்பினவள். பிறகு சனிக்கிழமைதோறும் கால்சட்டை போட்டுக் கால்பந்து ஆடுகிறவள். வயதானவர்களில் இரண்டு பேர், தூங்கும்போது போடுகிற உடுப்பும் கணக்கா என்று லியோகாதியாவிடம் கேட்டார்கள். "இடுப்புல ஏறலன்னு சொல்லணும்" என்றாள் அவள், அசையாமல். இரண்டு பேரும் பெருமூச்சு விட்டுக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார்கள். பின்வரிசையில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள், கோவில் என்றும் பார்க்காமல். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எங்களில் ஒருத்திகூட இன்று பொய்ச் சத்தியத்துக்கு வாயைத் திறக்கத் துணியவில்லை, திறக்காமலே கெட்டோம்.

கடைசியில் அந்தப் பக்கம் லியோகாதியா ஒருத்தி. இந்தப் பக்கம் அணி முழுக்க.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்து வந்தாள். சாம்பல் நிறப் பாவாடை, சால்வை, தொப்பி. நெருங்கி வந்த பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கரோலா.

"உங்க விதி எனக்கும்தானே?" என்று கேட்டுவிட்டு, காலடியில் கை வைத்தாள். போன திருவிழாவிலிருந்து இந்த நாள்வரை பாவாடையைத் தவிர வேறு உடுப்பு என் இடுப்பில் ஏறவில்லை, தூங்கும்போதும் உள்பாவாடைதான் என்று சத்தியம் செய்தாள். வீட்டில் பைத்தியம் என்றார்களாம், இவள் கேட்கவில்லையாம். லியோகாதியா நேராகப் போய் அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். ஒட்டுச் சடை கையோடு வரும் என்று நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டிருந்தோம். வந்தது கரோலாவின் தலைதான்.

"அந்தப் படம் எடுக்கிற கடைய மூடுவியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அது என் பிழைப்பு" என்றாள், சடையைத் தடவிக்கொண்டே.

எரிச்சல் என்னவென்றால், சந்தையில் நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தேன்.

ஜூலை 8, திங்கள்

லியோகாதியா சொல்லி அனுப்பிவிட்டாள். மாதா முன்னால் செய்த சத்தியத்தைத் தள்ள முடியாது. இந்த வருடம் பாவாடை அணி என்பது இரண்டு பேர்தான், அவளும் கரோலாவும். கரோலாவை உள்ளே விடக்கூடாது என்று போட்ட வேலி, கரோலாவை மட்டும் உள்ளே விட்டுவிட்டு எங்கள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்தியிருக்கிறது. இதற்கு நான் கை தூக்கினேன். தேநீர்க் கோப்பை மட்டும் இல்லாவிட்டால் இரண்டு கையையும்.

சாரத்தில் நின்றபடி நாளெல்லாம் இதையே யோசித்தேன். அவள் சத்தியம் உண்மை, சடையும் உண்மை. அப்புறம் எங்கே இடிக்கிறது? பெத்ரோனா பசை கலக்கிக்கொண்டே சொன்னாள், அவளுக்குத் திமிர், நமக்குத் தலையெழுத்து என்று. அது போதாது. எனக்கு இப்படித் தோன்றுகிறது. அவள் நாளைக்கே பாவாடையைக் கழற்றி எறிந்தாலும் ஒருவனும் கேட்கமாட்டான். கட்டினாலும் எவனும் சினிமாக் கொட்டகை வாசலில் பிடித்துத் தள்ளமாட்டான். நான் கட்டினாலும் கேட்கிறார்கள், கழற்றினாலும் கேட்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, துணியில் இல்லை.

யோசெலினிடம் சொன்னேன். இதைத்தான் இரண்டு வாரம் வகுப்பில் பேசினோம் என்றாள். அப்படியா, அந்த இரண்டு வாரம் சாரத்துக்கு வந்திருந்தால் உனக்குக் கூலியும் கிடைத்திருக்கும் என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

ஜூலை 11, வியாழன்

முடிவு செய்துவிட்டோம். தெரு லியோகாதியாவின் அப்பன் வீட்டுச் சொத்து இல்லை. மாதுளை நிறப் பாவாடை தைத்தாயிற்று, அது எங்கள் காசு. முன்னால் அணி போகட்டும், அதன் பின்னால் வாத்தியக்காரர்கள் போகட்டும். வாத்தியத்துக்குப் பின்னால் நாங்கள். எங்களுக்கு அணி என்று பெயர் வேண்டாம், பெயரே வேண்டாம்.

பசிலியா என் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டாள். உட்காரச் சொன்னேன், காப்பி கொடுத்தேன். மன்னித்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் ஆகட்டும்.

ஜூலை 15, திங்கள்

யோசெலினுக்குச் சால்வை மடித்துக் குத்திப் பார்த்தோம். என்னைவிட உயரமாகிவிட்டாள். நாளைக்கு யாராவது ஏதாவது சொல்லுவார்கள் அம்மா என்றாள். சொல்லட்டும், காதில் விழுந்தால் தொப்பி விழுந்துவிடாது என்றேன்.

ஜூலை 17, புதன்

நேற்று திருவிழா, எழுத முடியவில்லை. இன்றும் கால் வலியில் ஊன்ற முடியவில்லை, ஃபௌஸ்தோ வெந்நீர் வைத்துக் கொடுத்தான்.

பெட்ரோல் பங்க் முக்கிலிருந்து புறப்பட்டோம். முன்னால் லியோகாதியாவும் கரோலாவும், அவ்வளவு பெரிய தெருவில் இரண்டே பேர். லியோகாதியா முதுகு வளையாமல் ஆடினாள், எப்போதும் போல. கரோலா இரண்டு பக்கமும் முத்தம் வீசிக்கொண்டே போனாள். ஆடத்தான் செய்தாள், அடி தப்பவில்லை. படம் எடுக்கிறவர்கள் எல்லாம் அவளைச் சுற்றித்தான். பின்னால் வாத்தியக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள், தெருவை அடைத்துக்கொண்டு. சத்தியம் செய்யாதவர்களின் வரிசை என்று டிரம் அடிக்கிறவன் திரும்பிப் பார்த்துக் கேலி செய்தான். பெத்ரோனா அவன் காதில் ஒன்று சொன்னாள், அதற்கப்புறம் அவன் திரும்பவில்லை.

சந்தை முனை திரும்பும்போது, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் பீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கத்தியது. "ஏ டிரான்ஸ்ஃபார்மரு, சாரத்துக்கு லேட்டாவலையா?" என்னைத்தான். யோசெலின் நின்றுவிட்டாள், முகம் சிவந்துவிட்டது. நான் தொப்பியைக் கழற்றி அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டு, காலையில் ஏழு மணிக்குத்தான் வேலை என்று சொல்லிவிட்டுக் கிலுகிலுப்பையைச் சுற்றினேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்தச் சந்தையில், சொந்த ஜனங்கள் வாயால் கேட்பது வேறு.

முன்னால் லியோகாதியா நின்றுவிட்டாள். கத்தினது அவளுக்கும் கேட்டிருக்கிறது. முன்வரிசை வாத்தியக்காரன் அவள்மேல் மோதப் போனான். அவள் திரும்பி, வாத்தியக்காரர்களுக்கு நடுவே எங்களை நோக்கி நடந்தாள். பெரிய பெரிய குழல்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டன. வாத்தியம் நிற்கவில்லை, நிற்க அவர்களுக்குத் தைரியமில்லை. என் கிலுகிலுப்பையைப் பிடுங்கத்தான் வருகிறாள் என்று நினைத்து அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு எதிரில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. நாற்காலிக்காரர்களைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், பாட்டில்கள் கீழே இறங்கின.

"தள்ளுடி, எனக்கு இடம் விடு."

"சத்தியம் பண்ணினீங்களே?" என்றேன். இப்போதும் என் நாக்கு சும்மா இருந்ததா பாருங்கள்.

"தினமும் கட்டுறேன்னுதான் சத்தியம் பண்ணினேன். எங்க நிப்பேன்னு பண்ணல."

நான் ஒரு பக்கம், யோசெலின் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டோம். நடுவில் அவள் வந்து நின்றாள். கோவில் போய்ச் சேரும்வரை அப்படித்தான் ஆடினோம், மூன்று பேரும். முன்னால் கரோலா தனியாக ஆடிக்கொண்டு போனாள். பக்கத்தில் ஆள் இல்லை என்று அவள் எந்தத் தெருவில் கவனித்தாளோ தெரியாது.

நாளை வேலைக்குப் போகவேண்டும். நீல உடுப்பைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். யோசெலினின் மாதுளைப் பாவாடையும் அதன் பக்கத்தில்தான் காய்கிறது, வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வேண்டுமாம். சனிக்கிழமை ஜீன்ஸ் போடுவாளாம். சரி என்று கேட்டுக்கொண்டேன்.